பதினொரு கல் தூரம்

அந்த ரோடு நல்ல ரோடு. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நம் பினாங்கின் பாலிக் பூலாவ் மலைப்பாதையை விட நல்ல ரோடு. தார் புதிதாகப் போட்டிருந்தார்கள், குழி இல்லை, ஓரத்து வெள்ளைக்கோடுகூட அழியாமல் இருந்தது. பதினேழாயிரம் அடிக்கு மேல் அப்படி ஒரு ரோடு போட்டவர்களை நான் இன்னும் மெச்சுகிறேன். நடந்து ஏறினால் பத்து நாள் பிடிக்கும் உயரத்துக்குக் காலைப் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். உடம்பு அத்தனை சீக்கிரம் ஏறாது என்பது அந்த ரோட்டில் போகும்போது மறந்துவிடும்.

ஹுஸ்னா, நம் மோட்டார் சைக்கிள் கிளப்பின் செயலாளர் என்ற முறையில், லடாக் பயணம் போய் வந்த எல்லாரையும் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அலாவுதீன் அண்ணனும் அவர் மகன் இம்ரானும் அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள். எனக்கு அது போதாது. முப்பது வருஷமாக மாக் மண்டினில் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். ஒரு நட்டு இடம் மாறியிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் அனுப்பிய வரைவு அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மறைந்த உறுப்பினர் கார்த்திகேசு தம் உடல்நிலையை மறைத்து, நலமாக இருப்பதாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார். பிறகு படம் எடுப்பதாகச் சொல்லிப் பின்தங்கினார்." இரண்டு வாக்கியமும் தவறு. அவற்றைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கட்டைவிரல் வழக்கத்தை விளக்கிவிடுகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில், தெலுக் பஹாங் வழியாகப் பாலிக் பூலாவ் போனோம். கடைசியாக வந்த பஷீர் ஒரு வளைவில் சறுக்கிக் காட்டுக் கால்வாயில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். நாங்கள் கீழே இறங்கி லக்சா சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆள் ஒன்று குறைவது தெரிந்தது. அன்றைக்கு அலாவுதீன் அண்ணன் இரண்டு விதி போட்டார். காதில் மாட்டிப் பேசும் கருவிகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

ஒன்று, ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் கடைசி ஆள் இடது கட்டைவிரலை உயர்த்த வேண்டும். அவருக்கு முன்னால் போகிறவர் அதைக் கண்ணாடியில் பார்த்த பிறகே தன் விரலை உயர்த்த வேண்டும். இப்படியே அது தலைவர் வரைக்கும் போகும். தலைவர் தன் கண்ணாடியில் விரலைப் பார்க்கவில்லையென்றால் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டாவது விதி, ஒருவருக்கு முடியாமல் போனால் அவருக்கு நேர் முன்னால் போகிறவர் அவரைக் கீழே அழைத்துப் போக வேண்டும். மற்றவர்கள் மேலே போகலாம். இதில் பேச்சுக்கே இடமில்லை.

அதாவது நம் வரிசையில் ஒருவர் உயர்த்தும் விரல் அவருடையது மட்டும் இல்லை. பின்னால் வருகிற எல்லாருடையதும்தான். இதை நான் நன்றாகவே அறிந்திருந்தேன். விதியை அட்டையில் எழுதி அலாவுதீன் அண்ணன் கடை மாடியில் ஒட்டியவனே நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாம் முதல் தடவை லடாக் போனபோது வரிசையில் நான் கடைசி. எனக்கு முன்னால் கார்த்திகேசு. அது வேறொரு கணவாய். ஏற ஏற எனக்குத் தலை பிளந்தது, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. அடுத்த கல்லில் நான் விரலை உயர்த்தவில்லை. அவன் நின்றான், எல்லாரும் நின்றீர்கள். உச்சிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்தான் இருந்தது. விதிப்படி அவன் என்னைக் கீழே கொண்டுபோனான். தங்கும் விடுதியில் எனக்குச் சூப் ஊட்டினான். சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் படங்களோடு வந்தீர்கள்.

அதைச் சொல்லி அவன் என்னை ஒரு தடவை கேலி செய்திருந்தால் தேவலை. பொதுவாகக் கேலிக்குப் பேர்போனவன். பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையில் அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தான். என்னை மட்டும் விட்டுவிட்டான். உயரப் பலகைக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும் படத்தை அலாவுதீன் அண்ணன் கடைச் சுவரில் மாட்டியதிலிருந்து, வருகிறவர்கள் எல்லாம் கார்த்தி ஏன் படத்தில் இல்லை என்று கேட்டார்கள். அவன் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"எங்க ரெண்டு பேருக்கும் அந்த வாட்டி வாய்க்கல லா."

ரெண்டு பேருக்கும். அவனுக்கு வாய்த்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கேட்டவர்கள் கார்த்தியைப் போல் ஒரு கூட்டாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். இரண்டு வருஷம் தலையாட்டினேன். எனக்கு அவன் மேல் வந்தது வெறுப்புதான், அதற்கு வேறு பெயர் தேடி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அவன் நல்லவன் என்பதால் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இந்தத் தடவைக்காக நான் சிகரெட்டை விட்டேன். ஞாயிறுதோறும் பூமலைத் தோட்டத்திலிருந்து பினாங்கு கொடிமலை வரைக்கும் ஜீப் ரோட்டில் நடந்து ஏறினேன். வாரம் போகப் போக மூச்சு வாங்குவது குறைந்தது. பயணத்துக்கு வரிசை போட்ட அன்று மாடியில் நீங்களும் இருந்தீர்கள். நான் இரண்டாவதாகப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"மோகன் எனக்கு முன்னாடி போகட்டும் அண்ணே. நான் கடைசியா வர்றேன். கண்ணு அவன் மேலயே இருக்கும்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அலாவுதீன் அண்ணன், இம்ரான், நீங்கள், நான், கார்த்திகேசு என்று எழுதினீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குப் பின்னால் ஒரு காவல். நல்லது லா என்று சொல்லிவிட்டுத் தே தாரிக்கைக் குடித்து முடித்தேன். இதுதான் கடைசி மலைப்பயணம், முழங்கால் தாங்கவில்லை, இனிமேல் கிளப் தாய்லாந்துப் பக்கம்தான் போகும் என்று அலாவுதீன் அண்ணன் சொன்னதும் அன்றைக்குத்தான். ஆகவே பலகைக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

அந்த நாள் காலையில் கார்த்திகேசு பசியாறவில்லை. டீ மட்டும் குடித்தான், இருமினான். சாமான் வேன் விடியலிலேயே கிளம்பிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. ஆக்சிஜன் டப்பா அலாவுதீன் அண்ணன் பையில் இருந்தது. உச்சிக்குப் பதினொரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு டீக்கடையில் நின்றோம், ஞாபகம் இருக்கும். நீங்கள் எல்லாரும் அடுப்புப் பக்கம் நின்றீர்கள். அவன் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நான் மட்டும் பார்த்தேன். பின்னால் போய் நின்றேன். இன்னும் கொஞ்ச தூரம் பார்ப்போம், முடியாவிட்டால் விரலைத் தூக்க மாட்டேன் என்றான். சரி என்றேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லவே இல்லை.

வண்டியை எடுக்கும்போது எனக்கு ஒன்றுதான் ஓடியது. அவன் விரலைத் தூக்காவிட்டால் கீழே கொண்டுபோக வேண்டியவன் நான். விதி அப்படி.

முதல் கல்லில் விரலை உயர்த்தினான். இரண்டாவது கல்லில் உயர்த்தினான். மூன்றாவது கல்லில் அவன் கை வண்டிப் பிடியிலேயே இருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன், முன்னால் பார்த்தேன், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். நீங்கள் உங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். நீங்கள் உயர்த்தினீர்கள், இம்ரான் உயர்த்தினார், வரிசை நிற்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். யாரையும் தொடவில்லை, தள்ளவில்லை. கையுறை போட்ட ஒரு விரலை உயர்த்தினேன். என்னைப் பொறுத்தவரை அந்த விரல் பொய்யும் இல்லை, அன்றைக்கு எனக்கு உடம்பு கல்லுக்குண்டு போல இருந்தது. தவிரவும் உச்சியைத் தாண்டிவிட்டால் ரோடு அந்தப் பக்கம் கீழேதானே இறங்குகிறது. திரும்பி இறங்குவதைக் காட்டிலும் தாண்டி இறங்குவது அவனுக்கும் சுருக்கு. இந்தக் காரணம் எனக்கு அன்றைக்கே தோன்றியதா, ஊர் திரும்பிய பிறகு தோன்றியதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியில்லாததை உறுதியில்லை என்று குறிப்பதுதான் முறை.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கல்லிலும் அப்படியே. அவன் வண்டி ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வந்தது. ஆறாவது கல்லில் அவன் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது. காற்று பலமாக இருந்ததால் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஏழாவது கல்லை ஒட்டிய வளைவில் வண்டியைப் போட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அங்கேயும் நான் விரலை உயர்த்தினேன். மொத்தம் ஐந்து தடவை. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த திருப்பத்தில் எதிரே வந்த ராணுவ லாரிகளுக்கு வழிவிட்டு நீங்கள் நின்றிருந்தீர்கள். நான் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தேன். அலாவுதீன் அண்ணன் திரும்பிப் பார்த்து, "கார்த்தி எங்கப்பா?" என்றார்.

"படம் எடுத்துக்கிட்டு இருக்கான் அண்ணே. மெதுவா வர்றேன்னான்."

உங்கள் அறிக்கையின் இரண்டாவது வாக்கியம் இங்கிருந்துதான் வந்தது. அது அவன் சொன்னதில்லை, நான் சொன்னது. எட்டாவது கல்லிலிருந்து வரிசையில் நான்தான் கடைசி ஆள். ஆகவே எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, அந்த நான்கு கல்லிலும் நான் விரல் உயர்த்தியது விதிப்படி சரியானது. அவற்றை மற்றதோடு சேர்த்துவிட வேண்டாம்.

உச்சியில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. பலகையில் உயரத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அலாவுதீன் அண்ணனே என்னைக் கட்டிப்பிடித்தார். படம் எடுக்க நமக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம் நின்றது. காத்திருந்து எடுத்தோம். நான் தனியாக ஒன்று, எல்லாரோடும் ஒன்று. பிறகு ராணுவ கேண்டீனில் டீ குடித்தோம். "கார்த்தி அண்ணே இன்னும் காணோமே" என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். வந்துவிடுவான் என்று இரண்டு தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை நீங்கள் கேட்பதற்கு முன்பே நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். இம்ரான் பின்னாலேயே வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தான். உயிர் இல்லை.

ராணுவ டாக்டர் சொன்னதை நீங்கள்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னீர்கள். நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது, ஒரு மணி நேரம் முன்னால் கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார். சொல்லிவிட்டு நீங்கள் அழுதீர்கள். உங்கள் கண்ணாடியில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நீங்கள் இன்றுவரை தூங்காமல் இருப்பதாக இம்ரான் சொன்னார். நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள். உங்கள் வண்டிப் பெட்டியில் பின்பக்கம் பார்த்துப் பொருத்திய கேமராவிலும் எல்லாம் பதிவாகியிருக்கும். அதைப் போட்டுப் பார்க்க உங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அதற்குப் பயந்து இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

எழுதுவதற்குக் காரணம் கார்த்தியின் மனைவி லோகேஸ்வரி. போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்து, ஜெலுத்தோங்கில் என் பிளாட் படி ஏறி வந்தது. கையில் உங்கள் வரைவு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தையும் விரல் வைத்துக் காட்டியது.

"எங்கிட்ட தெனமும் போன்ல தலைவலி, தூக்கமில்லன்னு ஒண்ணு விடாம சொன்னாரு அண்ணே. உங்ககிட்ட மட்டும் ஏன் நல்லாருக்கேன்னு பொய் சொன்னாரு? பிள்ளைங்கள நெனச்சுப் பார்க்கலயா?"

எனக்குத் தெரியாது என்றேன். வீட்டில் அவன் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லையாம். கோபம் தீரட்டும், அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனது. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் செத்தவன் மேல் கோபமாக இருக்கிறாள், அதுவும் தவறான தகவலால். ஸ்டோரில் இப்படி ஒரு பிழை என் கண்ணில் பட்டால் நான் விட்டு வைக்க மாட்டேன். கார்த்திகேசு பொய் சொல்லவில்லை. முடிந்தபோது விரலைத் தூக்கினான், முடியாதபோது தூக்கவில்லை. வாழ்நாளில் அவன் நடந்துகொண்டதும் அப்படித்தான். இதை அப்படியே அறிக்கையில் போட்டு, முதல் பிரதியை லோகேஸ்வரிக்குக் கொடுத்துவிடுங்கள்.

எழுதியதை ஒரு தடவை திருப்பிப் படித்தேன். இரண்டு இடம் சரியில்லை. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்றும், நான் யாரையும் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். அடிக்காமல் அப்படியே விட்டு, திருத்தத்தைக் கீழே தருகிறேன்.

ஏழாவது கல்லில் விரலை உயர்த்திவிட்டு நான் நேராக மேலே போகவில்லை. வளைவில் நீங்கள் மறைந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு அவனிடம் வந்தேன். லாரிகள் இருக்கும் இடத்துக்கு நான் பிந்தி வந்தது அதனால்தான். வெள்ளை அடித்த ஓரக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. மூச்சு விடும்போது தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"மோகன், என்னைக் கீழ கொண்டு போடா," என்றான்.

இன்னும் நாலு கல்தான், பலகையைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்றேன். அவன் என் ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொண்டான். பிடி பலமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது, கையுறை தடிப்பாக இருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசி விரலை எடுக்கும்போது அவன் என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. கடன்காரனைப் பார்க்கிற பார்வையும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"வருவியா?"

"வருவேன்."

தலையாட்டினான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் வெயில் படாமல் இருக்க அவன் வண்டியை நிமிர்த்திப் பக்கத்தில் நிறுத்தினேன். என் தண்ணீர்ப் போத்தலை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அப்புறம் மேலே போனேன்.

பத்து நிமிஷம் என்று சொன்னது ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகிவிட்டது. படம் எடுக்கக் கூட்டம் இருந்ததை மேலே குறித்திருக்கிறேன். ஆனால் வருவேன் என்றேன், வந்தேன். என்னைப் பற்றி எதை எழுத வேண்டுமோ எழுதுங்கள், போலீஸுக்குக் கொடுப்பதென்றாலும் கொடுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.